ஏழாம் படி

மருதமுனையில் சாரன் கடையின் பின்னறை.
மூன்று சுவருக்கும் துணிப்பொதி அடுக்கி
ஒலிப்பதிவுக் கூடம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.
விசிறியை நிறுத்தினால் வேர்வை.
சுழலவிட்டால் எல்லா வசனத்துக்குள்ளும்
அது வந்து குந்திக்கொள்ளும்.
நிறுத்தினோம்.

எண்பத்து நாலில், பதின்மூன்று வியாழன்,
இரவு எட்டரைக்குக் ‘கதவடைத்த வளவு’.
கார் பற்றரியில் ஓடிய பெட்டிக்கு முன்னால்
ஒழுங்கை முழுக்கக் குந்தியிருந்ததாம்.
பிறகு அந்த நாடாக்களின் மேல் கிரிக்கெட்டைப் பதிந்துவிட்டார்கள்.
முதலிரவில் செத்த மணமகளின் மேலே
யாரோ ஓர் இடக்கைக்காரன்
இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறான்.

மிஞ்சியது தட்டச்சுப் பிரதி, துருவேறிய குண்டூசியோடு.
அதை இப்போது காதுக்கு மட்டும் எடுக்கிறோம்.
குடையை விரித்து மடக்கினால் வௌவால்.
தகரத்தில் அரிசி தூவினால் மழை.
கிணற்றுக்குள்ளிருந்து பேசும் மாமனுக்காக
ஜெகதாரன் அண்டாவுக்குள் தலையை விட்டான்.
எடுக்கத்தான் நேரமானது.
எல்லாம் சரி,
அவளை என்ன செய்வது?

பிரதி முழுக்கத் தேடினேன். அவளுக்கு ஒரு சொல்லும் இல்லை.
‘ஏழாம் படியில் நிற்கிறாள்.’
பக்கத்துக்குப் பக்கம் அவ்வளவுதான்.
கமரா மெல்ல மேலே ஏறும்,
சனம் கண்ணைப் பொத்தும்.
காதைப் பொத்தியவர் ஒருவருமில்லை.

கொலுசு போடுவோம் என்றான் இர்பாத்.
பெருமூச்சு, நாயின் ஊளை, ஊஞ்சல் கிறீச்சு.
மட்டக்களப்புப் பக்கம்தானே,
மீனைப் பாடவிட்டால் என்ன என்றார்
கட்டாரிலிருந்து காசு போட்டவர்.

கடைசியில் அவவையே கூப்பிட்டோம்.
பேரின்பமலர்.
கல்லடியிலிருந்து பஸ்ஸில் வந்தா,
மடியில் தயிர்ச்சட்டி.
“அப்ப எனக்கு அரைச் சம்பளம் தம்பி.
வசனம் இல்லையாம். பேரும் போடல்ல.”
கொலுசைக் கண்டதும் சிரிச்சா:
“செத்தவளுக்கு இது என்னத்துக்கு?”

செருப்பைக் கழற்றினா.
மைக்குக்கு எதிரே கவிழ்த்திருந்த தோடம்பழப் பெட்டியில்
ஏறி நின்றா.
ஜெகதாரன், காலையிலிருந்து ‘யாரது?’ என்பதை
ஒன்பது தரம் பிழையாய்க் கத்தியவன்,
“யார” என்றான்.
மிச்சம் வரவில்லை.
மூன்று பேர் இருந்த அறையில்
ஆளையாள் பார்க்கவில்லை.

திரையில் பச்சைக்கோடு தட்டையாய்க் கிடந்தது.
ஒரு மூச்சும் பதியவில்லை.
ஆனால் காலையில், ஆளில்லாத அறையையும்
நாற்பது விநாடி பிடித்து வைத்திருந்தேன்.
இரண்டையும் மாறி மாறிக் கேட்டேன்.
ஒன்று வெறும் அறை.
மற்றதில்
அறை யாருக்கோ இடம் விட்டிருந்தது.

லுஹர் பாங்கு கேட்டது. விசிறியைப் போட்டோம்.
எப்பிடி அன்ரி என்றேன், தயிர் தின்றுகொண்டே.
“அப்ப எனக்கு நிற்கத் தெரியாது.
ஒண்டையும் நினைக்காம நில் எண்டுவார் டைரக்டர்.
நிற்கப் பழகினது பிறகுதான்.”
எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.
இந்தக் கரையில் அதைக் கேட்பதில்லை.
சீனி போதுமா என்று கேட்டான் இர்பாத்.

பற்றுச்சீட்டில் ‘குரல், முழுச் சம்பளம்’ என்று எழுதினேன்.
கண்ணாடியைத் தேடியெடுத்து
இரண்டு தரம் வாசித்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டா.

பதிவை அனுப்பிய இரவே கட்டாரிலிருந்து அழைப்பு:
நாற்பது விநாடி சும்மா கிடக்கிறதே,
கேட்கிறவன் போன் பழுது என்று நினைக்க மாட்டானா?

நினைக்கட்டும்.
தட்டிப் பார்ப்பான்.
சத்தத்தைக் கூட்டுவான்.
பிறகு இருட்டில், போர்வைக்குள்,
காதோடு இன்னும் கிட்டப் பிடிப்பான்.

அங்கேதான் நிற்கிறா.