இரட்டைச்சுழிக் கொம்பு

வதுவை என்று பெயர் வைத்திருந்தேன்.
பதினான்கு மாதம்,
கொத்தனூர் வாடகை வீட்டில்,
ழகரத்தின் வாலை மட்டும் நாற்பத்தாறு முறை
இழுத்து, அழித்து, இழுத்து.
தட்டை நிப்பு எங்கே அழுந்தும், எங்கே மூச்சு விடும்
என்று மணிக்கட்டுக்குத் தெரிந்ததைத்
திரையிடம் சொல்லி நம்பவைக்க
அத்தனை நாள்.
மெய்யின் புள்ளியை வட்டமாக விடவில்லை;
சாய்ந்து விழுந்த ஓர் அரிசி.

கூடவே ஒரு குறிப்பு எழுதினேன்:
அழைப்பிதழ், நகைக்கடை, இனிப்புப் பெட்டி.
சின்ன அளவில் வேண்டாம்.
பத்திகளுக்கு வேண்டவே வேண்டாம்.
விற்றது பதினொரு பிரதி.

ஐப்பசி மழை விட்ட காலையில்
மர்ஃபி டவுன் மார்க்கெட் முனை.
கோழிக்கடைக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே
கட்டியிருந்த ஃபிளெக்ஸில்
என் எழுத்து.

கண்ணீர் அஞ்சலி.
எ. ஆரோக்கியமேரி, வயது 58.
மேலே கன்னடத்தில் ஒரு வரி, தடித்த, சாதா எழுத்தில்.
கீழே வதுவை, ஊதா நிறத்தில்,
ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு போட்டு
அகலவாக்கில் இழுத்து.

முதலில் வந்தது துக்கம் இல்லை.
யகரத்தின் வால் நீண்டுபோய்
மேயின் கொம்பில் இடித்துக்கொண்டு நின்றது.
இந்த ஜோடியை நான் பார்த்ததே இல்லை.
என் சோதனைப் பட்டியலில் இருந்தவர்கள்
பிரியதர்ஷினி, சௌந்தரவல்லி, செழியன்.
மேரி யாருக்கும் நான்
கல்யாணம் செய்துவைக்கவில்லை.

கடையைக் கண்டுபிடித்தேன்.
இம்தியாஸ் தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது;
முகம் பார்த்து எழுத்தெடுப்பவர்.
“இது காசு கொடுத்து வாங்குற எழுத்து” என்றேன்.
“பென் டிரைவ்ல வந்ததுக்கா” என்று
டீ சொன்னார்.
“சாவுக்கு இதையா போடுவீங்க?”
“நான் வேறதான் காட்டினேன். அவங்க பொண்ணு கேக்கல.
அம்மாவுக்கு அப்ப பத்திரிகையே அடிக்கலையாம்,
ஓடிப்போய்ப் பண்ணிக்கிட்டதாம்.
பேரு ஒருதடவ இப்படி வரட்டும்னுச்சு.”

டீயில் சர்க்கரை அதிகம்.
சுவரோரம் சுருட்டி வைத்த வேட்பாளர்கள்,
பூப்புனித நீராட்டு விழாக்கள்.
கையெழுத்துப் போல இருக்கிறதே,
யார் கை என்று அவர் கேட்கவில்லை.
“முப்பதாம் நாள் பூசைக்கு
இன்னொண்ணு அடிக்கணும்” என்றார்,
ஏதோ சமாதானம் போல.

அன்றிரவு யகரத்தையும் கொம்பையும்
முப்பத்திரண்டு அலகு விலக்கினேன்.
பதிப்பு 1.3.
‘மாற்றங்கள்’ என்ற கட்டத்தில்
‘சிறு திருத்தம்’ என்று போட்டு,
பிறகு அழித்து,
காலியாகவே விட்டேன்.

பட்டியலில் புதிதாகச் சேர்த்தேன்:
ஆரோக்கியமேரி.
மரியபுஷ்பம். ஞானப்பிரகாசி.
இவர்கள் சிரமம் இல்லாமல் வந்து உட்கார்ந்தார்கள்.
ஃபர்சானா என்று அடித்தேன்.
ஆய்தத்தின் மூன்று அரிசியும்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
மணி ஒன்றரை.