காற்றுப் பக்கம்

கதவைத் திறக்குமுன்பே
காற்று எங்கிருந்து என்று
என் இடது கன்னம் சொல்லிவிடும்.
கால்சோய் தீவுக்குப் போகும் படகில்
சீட்டுக் கொடுக்கிறவள் நான்.
காற்றடிக்காத நாள் இங்கே
ஆண்டுக்கு நாலோ ஐந்தோ.

முதலில் பல்லில் கோளாறு என்றார்கள்.
ஒன்றைப் பிடுங்கினார்கள், போகவில்லை,
அடுத்ததைப் பிடுங்கினார்கள்.
இரண்டுமே நல்ல பல்.
பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.
சில இரவு எடுத்துப் பார்ப்பேன்,
ஒரு பாவமும் அறியாத இரண்டு பேர்.

பிறகு பெயர் கிடைத்தது, ஒரு நரம்பின் பெயர்.
டோர்ஷாவ்ன் மருத்துவர் படம் வரைந்து காட்டினார்:
காதோரம் வேர், மூன்று கிளை.
எனக்கு அது
ஈரக் கையால் தொட்ட பிளக்.
தொடுவதற்குப் பெரிதாக எதுவும் வேண்டாம்.
தலையணை உறையின் மடிப்பு,
சூப் கரண்டி,
ஹானுஸின் தங்கை மகள் மார்னாவின் முத்தம்.
நான்கு வயது. நான் அலறியதற்குப் பிறகு
என் முழங்கைக்குத்தான் தருகிறாள்.

பேசினாலும் வரும்.
உதடு உதட்டைத் தொடும் இடத்தில் காத்திருக்கும்.
ஆகவே ஒட்டும் எழுத்துகளை
ஒவ்வொன்றாகக் கைவிட்டேன்.
சரி. நன்றி. இல்லை. நாளைக்கு.
கடல் சீராக இல்லை, அந்த நாற்காலிதான் நல்லது.
இப்படியே ஒரு நாள் முழுக்கப் பேசலாம்,
பயணிகளுக்குத் தெரியாது.
சிரிக்கத்தான் முடியாது.
"ரன்வாவுக்குத் தலைக்கனம்" என்றான்
கயிறு கட்டுகிற எய்துன்,
நான் பின்னால் நிற்பது தெரியாமல்.
தலையில் கனம்தான், எய்துன்.
மாத்திரையின் கனம்.

மூடுபனிக்கு எங்கள் மொழியில் தனித்தனிப் பெயர்:
மலை இடுப்பில் கட்டிக்கொள்வதற்கு ஒன்று,
கடல்மேல் படுத்துக்கிடப்பதற்கு ஒன்று.
மாத்திரை இறக்கும் மூட்டத்துக்குப் பெயரில்லை.
ஹானுஸ் என்ற பெயரையே ஒருநாள் தேடினேன்,
எதிரில் அவன்
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார்கள்.
வலிக்கும்போது ஒன்பது, சொல்லிவிடலாம்.
வலிக்காதபோது?
அதை யாரும் கேட்பதில்லை.
வலிக்காத நாள்தான் என்னைத் தின்கிறது.
பல் விளக்காமல், கொட்டாவி விடாமல்,
நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து
வரப்போவதற்குக்
காவல் இருக்கிறேன்.

ஜனவரியில் ஓர் இரவு
காவல் சலித்துவிட்டது.
அந்த இரவைப் பற்றி அதற்குமேல் எழுதமாட்டேன்.
ஒரே ஒரு சொல்
வாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்தது:
போதும்.
எடுக்கையில் உதடு ஒட்டும்,
முடிக்கையிலும் ஒட்டும்.
இரண்டு அடி கேட்கிற சொல்.

ஒட்டாத எழுத்தில் எதையாவது சொல்லியிருக்கலாம்.
தலை கனக்கிறது, அசதி.
தேநீர் போட்டுத் தந்திருப்பான், நானும் குடித்திருப்பேன்,
பிறகு அவன் தூங்கப் போயிருப்பான்.

உலுக்கி எழுப்பினேன்.
சொன்னேன்.
கன்னம் வெடித்தது, கண்ணீர் தானாகக் கொட்டியது,
இரண்டாம் முறையும் சொன்னேன், புரியவேண்டுமே.
எதற்கு என்று அவன் கேட்கவில்லை.
நடுக்கடலில் இயந்திரம் இருமினால்
என்ன செய்வானோ அதைச் செய்தான்:
விளக்கைப் போட்டான், கால்சட்டையை மாட்டினான்,
மாத்திரை டப்பாக்களைத்
தன் கோட்டுப் பையில் திணித்தான்,
தொலைபேசியை எடுத்தான்.

இப்போது வியாழக்கிழமைகளில் சுன்னிவாவிடம் போகிறேன்.
அவள் கன்னத்தைப் பார்ப்பதில்லை.
தூங்கினாயா, யார்மேல் கோபம் என்கிறாள்.
வலி குறைந்ததா என்றால், இல்லை.
காவலை மாற்றிக்கொள்ள
ஓர் ஆள் கிடைத்திருக்கிறது, வாரத்துக்கு ஒரு மணி நேரம்.

நடக்கும்போது ஹானுஸ் எப்போதும் என் இடப்பக்கம்.
வளைவில் காற்று எதிரே திரும்பினால்
பேச்சை நிறுத்தாமலே
குறுக்கே, அரை அடி முன்னால் வந்துவிடுவான்.
எத்தனை வருடமாக இப்படி?
நேற்றுதான் பார்த்தேன்,
அவனுடைய இடது கன்னம்
மற்றதைவிடக் கறுத்து, தோல் வெடித்திருக்கிறது.
களிம்பு வாங்கவேண்டும்.