நாலும் பன்னிரண்டும்

ஆரோக்கியம் டாக்சியோடு வந்தார்.
முகப்பில் மஞ்சளாய் ஒரு குட்டிக் கார்
பின்னால் பாம்பாய் இரண்டு கோடு இழுத்தபடி
அணையாமல் எரிகிறது.
"தாம்வே முக்கில் திரும்பினா
நான் மிதிக்காமலே பிரேக் பிடிக்குது தம்பி.
உள்ளே யாரோ இருக்கான்."

யாருமில்லை.
ஸ்டீரிங் தண்டைச் சுற்றி ஒரு வளையம்,
எத்தனை பாகை திருப்பினோம் என்று எண்ணுவது.
கருவியை மாட்டினேன்.
சக்கரங்கள் நேரே நிற்கின்றன.
வளையம் சொல்கிறது: இடப்பக்கம் ஏழரை.

ஏழரை என்றதும்
ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்
சிலுவை போட்டுக்கொண்டார்.

டை ராடை ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.
அலைன்மென்ட் சரி. வயரில் ஈரமில்லை.
கோணலைத் திருத்தாமல் பூஜ்யம் வைத்தால்
கோணலே நேர் என்றாகிவிடும்,
அதனால்தான் இத்தனை குடைச்சல்.

"பேட்டரியைக் கழற்றினீங்களா?"

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.
"ராத்திரி கரண்டு இல்ல. மகளுக்குப் பரீட்சை.
மூணாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போயி
பல்பு போட்டேன்."
"எத்தனை ராத்திரி?"
"கணக்கு முடியிற வரைக்கும்."

ஜப்பானில் இடப்பக்கம் ஓடிய வண்டி,
இங்கே வலப்பக்கம் ஓடுகிறது,
ஸ்டீரிங்கும் வலத்தில், சாக்கடையை ஒட்டி.
எதிரே பஸ் வருகிறதா என்று
பக்கத்து சீட்டுப் பயணியைக் கேட்டுத்தான் முந்துவார்.
அதையெல்லாம் பொறுத்த வண்டி
மின்சாரம் போன இரவில்
நேர் எது என்பதை மறந்துவிட்டது.

பூஜ்யம் வைக்கச் சமதளம் வேண்டும்.
மழைக்காலத்து யாங்கோனில், எங்கள் தெருவில்,
சின்லோன் ஆடும் சிமெண்டுத் தரை ஒன்றுதான் அப்படி.
பையன்களிடம் பர்மியத்தில் கெஞ்சினேன்,
இரண்டே நிமிஷம்.
நாலாவது ஓட்டைக்கும் பன்னிரண்டாவது ஓட்டைக்கும்
வளைத்த பேப்பர் கிளிப்.
சாவியைத் திருப்பி, அசையாமல், மூச்சடக்கி,

பிரம்புப் பந்து பானெட்டில் விழுந்தது.

மறுபடி.

விளக்கு மினுக்கி மினுக்கி, ஒருவழியாய் ஒப்புக்கொண்டது.
அப்புறம் நேர்கோட்டில் ஐந்து நொடி ஓட்டிக் காட்ட வேண்டும்.
குழியில்லாத ஐந்து நொடிக்காக
விமான நிலையச் சாலை வரை போனோம்.
மஞ்சள் அணைந்தது.

"பத்தாயிரமா? இந்தக் கிளிப்புக்கா?"
கிளிப்பையும் கொடுத்தேன்.
"அடுத்து என்ன பரீட்சை?"
"பௌதிகம். வெள்ளிக்கிழமை வரை."
"அப்ப சனிக்கிழமை வாங்க."