எந்த ரெண்டானாலும்

கணபதியில், சத்தி ரோட்டுக்குப் பின்னால்
எங்கள் ஷெட்.
டெண்டர் தாளில் எங்கள் பெயர் இல்லை.
எடுத்த கம்பெனிக்குக் கீழே ஒருவர்,
அவருக்கும் கீழே நாங்கள்.

நானூறு நீர்மூழ்கி மோட்டார்.
ஏழரை எச்.பி.
ஆழம் நூற்றிருபது மீட்டர்.
நாச்சிமுத்தண்ணன் சிரித்தார்:
"நானூறடிதானா? கொடுத்து வெச்சவங்க.
என்ற காட்டுல ஆயிரத்து நூறுல
புழுதிதான் வருது."

ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு ஸ்டிக்கர்.
குலுக்கிக்கொள்ளும் இரண்டு கை,
அடியில் மூன்று மொழி. தமிழ் இல்லை.
லேபிள் அடிக்கும் பையன் படித்துச் சொன்னான்:
இந்த நாட்டு மக்கள்
அந்த நாட்டு மக்களுக்குத் தரும் அன்பளிப்பு.
நான் அன்பளிப்புக் கொடுத்தது
அப்படித்தான் எனக்கே தெரிந்தது.
காயில் சுற்ற, மோட்டாருக்கு
முந்நூற்று இருபது ரூபாய்.

அங்கிருந்து நான்கு பேர்
அரசாங்கச் செலவில் பழக வந்தார்கள், ஆறு வாரம்.
மிர்வைஸ் என் பக்கத்து ஸ்டூல்.
செம்புக் கம்பியில் விரல் கீறினால்
வாயில் வைத்துக்கொண்டு மறு கையால் சுற்றுவான்.
மார்கழிக் குளிரில் நாங்கள் ஸ்வெட்டர் போட்டிருக்க
அவனுக்கு மின்விசிறி வேண்டும்.
அரிசிம்பருப்புச் சோறு
இரண்டாம் கரண்டி விழும்போது
இலை மேல் கையை விரித்து
"போதுங்க" என்பான்.
அவன் முதலில் கற்ற தமிழ்.

இருபது வருஷம் அங்கிருந்த படை
கிளம்புகிறது என்று டிவியில் சொன்னார்கள்.
செப்டம்பர் என்றார்கள்.
ஆகஸ்டிலேயே, ஒரே ராத்திரியில்,
விளக்கைக்கூட அணைக்காமல்.
நம் அமைச்சர்
தோளோடு தோள் நிற்போம் என்றார்.
அதே வாரம் அங்கிருந்த நம் தூதரகமும்
பூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

எங்களுக்கு ஒரு கடிதம்:
மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கவும்.

போனது இருநூற்று அறுபது.
கிடப்பது நூற்று நாற்பது.
பணம் பாதி.
முதலாளி வங்கிக்கும் வட்டிக்காரருக்கும்
புல்லட்டில் பெட்ரோல் தீர்த்தார்.
பிறகு அன்னூர்க்காரர் ஒருவருக்கு
கணக்கில்லாமல் இரண்டைத் தள்ளிவிடச் சொன்னார்.
தின்னர் தொட்டு ஸ்டிக்கரை நான்தான் சுரண்டினேன்.
ஒரு கை வந்துவிட்டது.
மற்றது நீட்டியபடியே நின்றது.
அதோடுதான் வண்டி ஏற்றினோம்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி,
பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன்.
வீடியோ கால். இருட்டு. ஜெனரேட்டர் இரைச்சல்.
"துளசியக்கா, நெம்பர் இருநூத்திப் பதினேழு.
ஓடுதுங்க. தண்ணி மட்டும்..."
காட்டினான்.
கன்றுக்குட்டி மூத்திரம் போல ஒரு நூல்.

இருநூத்திப் பதினேழு
நான் சுற்றியதா, பேபியக்கா சுற்றியதா?
காதை ஃபோனில் ஒட்டிக் கேட்டேன்.
முனகவில்லை, சூடில்லை.
சும்மா சுற்றுகிறது, எதிர்ப்பக்கமாக.

"மூணு வயர்ல ரெண்டை மாத்திப் போடு தம்பி."
"எந்த ரெண்டுங்க?"
"எந்த ரெண்டானாலும்."

அணைத்தான். பெட்டியைத் திறந்தான்.
சுற்றி ஆட்கள், ஏதோ சண்டை,
குழந்தை ஒன்று இருமியது.
தோளில் துப்பாக்கி போட்ட ஒருவன்
குனிந்து டார்ச் பிடித்தான்.
எந்தப் பக்கத்து ஆளென்று
நான் கேட்கவில்லை.
சிகப்பையும் நீலத்தையும்
அவன் விரல் பிரிப்பது தெரிந்தது,
கீறின விரலை வாயில் வைப்பதும்.

அங்கே லைன் அறுந்தது.

திரும்ப அடித்தேன். போகவில்லை.
சோப்பு காய்ந்த கையோடு
பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் ஷெட் பூட்டைத் திறக்கும்போது
ஃபோன் ஒரு தரம் துடித்தது.
படமில்லை. குரலில்லை.
ஆங்கில எழுத்தில்
ஒரே ஒரு தமிழ்ச் சொல்:

போதுங்க.