கழுத்தளவு

எங்கள் தெருவில் எந்த மாட்டுக்கு
எத்தனை முழம் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
தையநாயகி வீட்டுச் செவலைக்கு ஒன்றே முக்கால்.
ரைஸ்மில்காரர் கறவைக்கு இரண்டு,
அது சதையால் இல்லை, திமிரால்.
போன வருஷத்துக் கன்றுகள்
அரை முழம் ஏறியிருக்கும்,
நேரில் பார்த்துவிட்டு வந்துதான் கட்டுவேன்.

மார்கழி இருபத்தெட்டு. மழை விட்ட மத்தியானம்.
ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடுங்கிய நெட்டி
தோலுரிந்து, காய்ந்து,
முறம் நிறையக் கிடந்தும் கனமே இல்லாமல்.
சீவிக்கொண்டிருந்தேன்.
ரோஸ் சாயம் ஏறிய என் ஆள்காட்டி விரல்
பொங்கல் முடிந்து பத்து நாளைக்கு
யாருக்கோ ஓட்டுப் போட்ட மாதிரியே இருக்கும்.

அப்போதுதான் வந்தான்
ஆத்தூர்க்காரன் செங்கோடன்.
வயலெல்லாம் சாய்ந்து நனைந்து கிடக்க
கதிர் அறுக்கும் மெஷினோடு
ஐந்து நாளாய்ப் பெட்ரோல் பங்க் ஓரம் படுத்திருப்பவன்.
"ஒரு மாலை வேணுங்க அக்கா."
மாட்டுக்கு என்ன வயசு என்றேன்.
"ஏழு. ஆனா மாடு இல்லீங்க."

அவன் சிரிக்கவில்லை.
நான்தான் கத்தியைக் கீழே வைத்தேன்.

அந்த மெஷின் மேல் எனக்கொரு வழக்கு உண்டு.
அது துப்புகிற வைக்கோல்
நொறுங்கி நொறுங்கி, பிரி திரிக்க ஆகாது.
செவலை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
அதற்கா நான் மாலை கட்டுவது?
எல்லாவற்றையும் சொன்னேன்.
பொறுமையாகக் கேட்டுவிட்டு
"தவணை இன்னும் பதினொண்ணு இருக்குங்க" என்றான்.

தவணை எங்கள் வீட்டிலும் உண்டு.
போய்ப் பார்த்தேன்.

சந்தையில் மாடு பார்ப்பதுபோல்
இரண்டு சுற்று சுற்றி வந்தேன்.
பல்லெல்லாம் முன்னால்.
வயிறு மேலே. வாய் மட்டும்
எங்கள் வீட்டு வாசலைவிட அகலம்.
கழுத்து?
கழுத்து எங்கே தம்பி?
அவனும் குனிந்து தேடினான்.
புகைக்குழாயைக் காட்டினான்,
நெட்டி பற்றிக்கொள்ளும் என்றேன்.
சக்கரத்தில் சேறு.
முன்னால் சுழல்கிற உருளையில் கட்டினால்
தன் மாலையைத் தானே அறுத்துத் தின்றுவிடும்.
கடைசியில் ஏணியில் ஏறினேன்.
இரண்டு பக்கமும் விறைத்து நீண்டிருந்த
கண்ணாடிகளைத் தொட்டுப் பார்த்தேன்.

காது.
காது இருந்தால் போதும், மாலை நிற்கும்.

கம்பி தரட்டுமா என்று கேட்டான்.
வேண்டாமென்று தாழைநாரை ஊறவைத்து
மூன்று பிரியாய்ப் பின்னினேன்,
அதிர்ச்சி தாங்கவேண்டுமே.
காதுக்கு மூன்று முழம்.
பச்சை, மஞ்சள், நடுவில் ரோஸ் குஞ்சம்.

மாட்டுப் பொங்கலன்று அந்தி.
மாவிலையால் மஞ்சள்தண்ணி தெளித்து
தாம்பாளம் அதிர அதிர
பொங்கலோ பொங்கல், மாட்டுப் பொங்கல் என்று
பையன்கள் கத்திக்கொண்டு ஓட,
மாடுகளின் வரிசைக்குக் கடைசியில்
அதுவும் நின்றது, என்ஜினை அணைத்துவிட்டு.
வாழையிலையில் பொங்கலை
அதன் பற்களின் மேல் வைத்துக் கும்பிட்டான்.
இன்னொரு கையில் போன்,
ஊரில் அவன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவலை எப்போது கயிற்றை உருவியதோ தெரியாது.
நேரே வந்தது.
மெஷினின் வாயிலிருந்த பொங்கலை
இலையோடு சேர்த்துத் தின்றது.
அப்புறம் தலையை அண்ணாந்து
தாழத் தொங்கிய இடது காது மாலையை
இழுத்தது ஒரு இழுப்பு.
மூன்று பிரி நார். அறுந்துவிட்டது.

ருசியே இல்லாத நெட்டியை
அது மென்று நின்ற அழகைப் பார்த்துத்
தையநாயகி கம்பை எடுத்தாள்.
"விடுங்கம்மா" என்றான் அவன்.
"கோவம் இருக்கத்தானே செய்யும்."

தை பத்துக்குமேல் வெயில் வந்தது.
கோட்டூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகையில்
பஸ் ஜன்னலில் பார்த்தேன்,
தூசிக்குள் ஒற்றைக் காதில் ரோஸ் வெளுத்து ஆட
யாருடைய வயலையோ
மேய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த மார்கழிக்கு மனசில் முடிந்துவைத்தேன்:
ஆத்தூர் செங்கோடன்.
வயசு எட்டு.
இடது காதுக்கு மட்டும், ரெண்டரை முழம்,
செவலைக்கு எட்டாத உயரத்தில்.