ஒசதொட்டி, நாற்பத்தியொரு இணைப்பு

செக்போஸ்ட் நோட்டில் என் பெயர்.
வந்த காரணம்: மீட்டர்.
திரும்பும் நேரம்: ஆனை வழி விட்டால்.
வாட்ச்சர் சிரிக்காமல்தான் எழுதுகிறார்.

அந்தியூரில் குடித்த டீ
ஏழாவது வளைவில் நெஞ்சுக்கு வரும்.
பதினொன்றில் தார் முடியும்.
வண்டியை ஒரு வேங்கை மரத்தில் சாய்த்துவிட்டு
நடந்தால் ஒசதொட்டி.
இதற்கு மேல் கம்பம் கிடையாது.
கம்பிக்கு மேலே மேகம்;
மார்கழியில் கம்பிக்குக் கீழேயும்.

முதல் வீடு சிக்கமாதியுடையது. அறுபத்திரண்டு யூனிட்.
அவளுக்கு அடுப்பு வெளிச்சமே போதும்.
அத்தனையும் மகனின் ஸ்பீக்கர் தின்றது.
நூறு வரைக்கும் இலவசம் என்பதால்
என்னிடம் யாரும் சண்டைக்கு வருவதில்லை,
மாவு மில் தொட்டமல்லப்பாவைத் தவிர.
புருவமெல்லாம் ராகி மாவோடு வந்து நிற்பார்:
"மீட்டர் ஓடுது, மில்லு ஓடலீங்களே?"
பத்து வருஷமாய் இதே கேள்வி.
பதில் சொல்லிவிட்டால்
அடுத்த முறை என்ன பேசுவார்?

மாதேஸ்வரன் கோயில் மீட்டர் சாமி பேரிலேயே இருக்கிறது.
பதினோரு யூனிட். பாக்கி இல்லை.

பலா மரத்தடியில் மட்டும் சிக்னல் ரெண்டு கோடு.
பெண் கேட்பது, கடன் கேட்பது, பிரசவச் செய்தி
எல்லாம் அங்கே நின்று
கூவித்தான் பேசியாக வேண்டும்.
ஜடையனின் குழுக்கடன் எவ்வளவு என்று
எனக்கே தெரியும்.
செவலையில் வெள்ளை தெளித்த மாடுகள்
அவன் பேசி முடிக்கும்வரை
பாதையை மறித்து நிற்கும்.
அவற்றுக்கு இணைப்பு எண் இல்லை.

இருபத்தொன்பது, கெம்பம்மா.
பூட்டு.
புருஷன், பிள்ளைகளோடு பெருந்துறைப் பக்கம்
பனியன் கம்பெனிக்குப் போய் ரெண்டு வருஷம்.
பூட்டில் சிலந்தி.
மீட்டர் வெளிச்சுவரில் இருப்பதால் எட்டிப் பார்த்தேன்:
போன தடவை 4417. இப்போது 4424.

ஒன்பது வாட் பல்ப், பொழுது சாய்ந்து விடியும்வரை,
அறுபது ராத்திரி.
மனக்கணக்கு எனக்குத் தொழில்.
ஏழு யூனிட் சரியாக வந்தது.
யார் எரிப்பது?
எதிர்வீட்டு ருத்ரியைக் கேட்டேன்.
அவள் அவரைக்காயை உரித்துக்கொண்டே இருந்தாள்.
"ஆபீசுல சொல்லுவீங்களா?"
இல்லை என்றேன். நம்பவில்லை.
அதற்குள் பனி இறங்கி
பாதையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இருட்டும் நேரத்துக்கு
ருத்ரி என் முன்னால் எழுந்து நடந்தாள்.
கெம்பம்மா வீட்டின் பின்பக்கம் ஒரு ஸ்விட்ச்.
போட்டாள். வந்த முதல் ஈசல்
பல்பைச் சுற்றி இடம் பார்த்தது.
பிறகு பூட்டிய கதவைப் பார்த்து, உரக்க:
"கெம்பம்மா, உப்பு இருக்குதா?
உன்ற ஆடு என்ற வரப்புல நிக்குது, பாரு!"
கொஞ்சம் இருமினாள்.
ஒரு பாத்திரத்தைத் தட்டினாள்.

ஆளில்லாத வீடு என்று
ஆனைக்குத் தெரியக் கூடாதாம்.
போன ஆவணியில் இதுபோல் ஓர் இருட்டு வீட்டின்
சுவரை முட்டி, ராகிக் குதிரைக் கவிழ்த்து,
அந்த வழியாகவே ஊருக்குள் வந்ததாம்.
அதிலிருந்து வீட்டுக்கு ஒரு நாள் முறை.
தொட்டமல்லப்பா முறையில் மில்லைப் பற்றிப் பேசுவாராம்.
ஜடையன் பாதி நாள்
கெம்பம்மாவிடமே கடன் கேட்பானாம்.

"நீங்களும் நாலு வார்த்தை பேசுங்க" என்றாள் ருத்ரி,
"புதுக் குரல்னா இன்னும் நல்லது."

எனக்கு என்ன தெரியும்?
கையில் மெஷின். தொண்டையில் பனி.
கீழே மூங்கில் ஒன்று முறிகிற சத்தம்,
ஆனையாகவும் இருக்கலாம்.
கதவைத் தட்டினேன்.

"ஏனுங், ஈ.பி-ங்க.
வீட்ல ஆருங்க?"