சுண்ணாம்புக் கோடு

ஓடுபாதை என்று சொல்லிக்கொள்கிறோம்.
பலவான்குடிக்குத் தெற்கே
கடலைக்கொல்லையை உருளை விட்டு இறுக்கிய
செம்மண் துண்டு.
வடக்கே புளியமரம். தெற்கே கண்மாய்க்கரை.
நடுவில் என் காலுக்கு
எண்ணூற்றுப் பதினோரு எட்டு.

நாலரைக்கு டார்ச்சோடு நடப்பேன்.
சரளைக்கல் ஒன்று போதும்,
விசிறியின் விளிம்பைக் கொறித்துவிடும்.
புழுக்கை கிடந்தால்
ஆடும் பக்கத்தில்தான் எங்கோ.
குதிகாலை ஊன்றித் திருகிப் பார்ப்பேன்.
குழி விழுந்தால்
ராத்திரி மழையை மண் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

பாதி தூரத்தில் குறுக்கே சுண்ணாம்புக் கோடு.
அதைத் தொடும்போது வால் எழும்பியிருக்கணும்,
முள் நாற்பதில் நிற்கணும்.
இல்லையா, விசையை இழுத்துவிடணும்.
யோசிக்க அங்கே நேரமில்லை.
யோசனையை முந்தின நாளே
வாளியில் கரைத்து ஊற்றியாயிற்று.

புகையானுக்கு மருந்து.
நடைக்கு நானூறு லிட்டர், பதினேழு நடை
என்பது ஏஜெண்ட் சாத்தப்பன் எழுதி வைத்தது.
முந்நூறுக்கு மேல் ஊற்ற மாட்டேன் என்றேன்.
இருபத்துமூணு நடையாகுமே, முத்துராக்கு,
பெட்ரோல் உங்க வீட்டுக் கிணத்திலயா ஊறுது?

கரையைக் காட்டினேன்.
கோடையில் தூர்வாரிய வண்டலை
அதன் தலையிலேயே கொட்டியிருக்கிறார்கள்.
மூங்கிலை நட்டு அளந்தேன்:
போன வருஷத்தைவிட இரண்டு முழம்.
அதற்கும் மேல் கருவேலங்கன்றுகள்.
பாதையில் ஓர் எட்டும் குறையவில்லை,
ஆனாலும் பாதை குட்டையாகிவிட்டது.
சாத்தப்பன் கரையைப் பார்த்தார்,
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நாகர்கோவில் தேவசகாயம் விமானத்தைச் சுற்றி வந்து
முந்நூறு என்றார்.
ஆறு மணிக் காற்று கெட்டியாக இருந்தது.
முதல் நடை, இரண்டாவது, ஐந்தாவது வரை
கன்றுகளின் நுனிகூட அசையவில்லை.

பத்து மணிக்குப் புழுக்கம் ஏறியது.
காற்று இளைத்துப்போனது.
கம்பத்தில் கட்டிய வேட்டிக்குழாய்
செத்த கோழி மாதிரி தொங்கியது.
அது சிக்கியிருக்கிறதா, காற்றே இல்லையா என்று
பார்க்கப் போயிருந்தேன்.
அந்தக் கொஞ்ச நேரத்தில்
பம்புக்காரப் பையனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்,
இன்னும் நூறு.

சத்தத்திலேயே தெரிந்தது.
வயிறு நிறையத் தின்றவன் ஓடுவது போல
ஒரு திணறல்.
வால் தரையைவிட்டு எழவில்லை.
கோடு வந்தது.
எஞ்சின் அடங்கியது.

செம்புழுதி எல்லாவற்றையும் மூடியது.
நான் ஓடினேன், சாத்தப்பனும்தான்,
ஒற்றைச் செருப்போடு.
புழுதி இறங்கியபோது
கரைக்கு ஐம்பத்தெட்டு எட்டு இப்பால்
விமானம் நின்றுகொண்டிருந்தது,
தப்பான வீட்டு வாசலில் வந்து நின்ற
விருந்தாளி மாதிரி.

தேவசகாயம் இறங்கித் தண்ணீர் கேட்டார்.
குடித்தார். மிச்சத்தை முகத்தில் ஊற்றிக்கொண்டார்.
“நூறை இறக்குங்க” என்றார்,
யாரையும் பார்க்காமல்.

நோட்டில் சாத்தப்பன்
ஆறாம் நடைக்கு நேரே ஏதோ எழுதப் போனார்.
பேனா நின்றது.
கோடு போட்டு அடித்தார்.

இடது சக்கரத்தில் வெள்ளை ஒட்டியிருந்தது.
பாதையில் கோடு ஒரு முழம் அழிந்திருந்தது.
வாளியை எடுத்தேன்.
வெயிலுக்கு இனி இதே இடம் ஆகாது.
முப்பது எட்டு வடக்கே தள்ளிப்
புதிதாக இழுக்கக் குனிந்தேன்.
பையன் வந்து
கேட்காமலே
கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.